அரிசிக் கணக்கும் ஆட்சிக் கணக்கும்

கேள்வி: இலங்கையைப் போலக் கடனில் மூழ்கிய நாடுகளில், அரசியல்வாதிகளை ஒதுக்கிவிட்டுப் பொருளாதாரத்தை நிபுணர்களிடமே ஒப்படைத்தால் என்ன?

பதில்: ஒப்படைக்கப்போவது யார் என்பதை நீங்கள் சொல்லவில்லையே! அந்தக் கோப்பிலும் ஓர் அரசியல்வாதிதான் கையொப்பமிட வேண்டும்.

நீங்கள் சொன்ன இலங்கைக்கே வருகிறேன். கொரியப் போர்க்காலத்து இறப்பர் வருமானம் வற்றிவிட்ட 1953இல், நிதியமைச்சர் ஜே.ஆர். ஜெயவர்த்தனா மானியச் சுமையைக் குறைப்பதற்காக, 25 சதத்துக்குக் கிடைத்துவந்த ஒரு கொத்து (ஒரு முகத்தல் அளவை) பங்கீட்டுக் கூப்பன் அரிசியின் விலையை 70 சதமாக உயர்த்தினார்; பள்ளிப் பிள்ளைகளின் இலவச மதிய உணவையும் நிறுத்தினார். வரவு செலவு ஏட்டை மட்டும் பார்ப்பவர் இதில் குறை காணமாட்டார். ஆனால் ஆகஸ்ட் 12 அன்று இடதுசாரிகள் அழைத்த ஹர்த்தாலில் நாடு முடங்கியது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலுக்குப் போய்க் கூட வேண்டியதாயிற்று. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி விலகினார்.

அதே ஜெயவர்த்தனா 1977இல் 168 இடங்களில் 140ஐ வென்று திரும்பினார். மறு ஆண்டே அதே அரிசியில் கைவைத்தார். மக்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பங்கீடு நின்றது. 1979இல் எஞ்சியோருக்கும் அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரை, அதாவது கடையில் கொடுத்து உணவு வாங்கும் சீட்டு, வந்தது. இம்முறை ஆட்சி அசையவில்லை. இடைப்பட்ட காலத்தில் பொருளியல் பாடம் மாறிவிடவில்லை. 1978இல் அவர் நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதியாகியிருந்தார், அவ்வளவுதான். 1980 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த பல்லாயிரம் ஊழியர்கள் வேலை இழந்தார்கள். 1982இல் பொதுத்தேர்தலுக்குப் பதிலாக ஒரு வாக்கெடுப்பை நடத்தி, நாடாளுமன்றத்தின் ஆயுளை நீட்டித்துக்கொண்டார்கள். சந்தை திறக்கத் திறக்க வாக்குப்பெட்டி மூடிக்கொண்டே போனதை எந்தப் புள்ளிவிவர அட்டவணையில் காட்டுவது?

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1977 வரை பிரதமராக இருந்த சிறிமாவோ பண்டாரநாயக்கா காலத்து இறக்குமதித் தடையால் செத்தல் மிளகாயும் வெங்காயமும் நல்ல விலைக்குப் போய், யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர்கள் (சிறிமாவோவின் அரசியலை அவர்கள் விரும்பியவர்கள் அல்லர்) நிமிர்ந்திருந்தார்கள். 1977க்குப் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் அந்த விலை சரிந்தது. கொழும்பில் அது வர்த்தகக் கொள்கை. ஏற்கெனவே நம்பிக்கை அற்றுப்போயிருந்த வடக்கில் அதுவும் இன்னொரு புறக்கணிப்பாகவே எண்ணப்பட்டது.

2019 இறுதியில் மதிப்புக்கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தது அரசியல்வாதிகள் செய்த பிழை என்பீர்கள். சரி, 1953ஐ யார் கணக்கில் எழுதுவீர்கள்?