நம்பர் சரி, வரிசைதான் தப்பு

கேள்வி: சமையல்கட்டில் நிற்கும்போது மகன் போனில் யாருடைய நம்பரையாவது சொல்வான். பேனாவைத் தேடி எடுத்து எழுதுவதற்குள் நடுவில் இரண்டு எண்கள் இடம் மாறிவிடுகின்றன. முன்பின் தெரியாதவரைக் கூப்பிட்டுத் திட்டும் வாங்கியாயிற்று. எனக்கு 54 வயது. மறதி நோயின் ஆரம்பமா?
– வாசகி, கோவில்பட்டி

பதில்: பயப்படாதீர்கள், அம்மா. கல்லூரியில் உளவியல் எடுத்தபோது இதை வகுப்பில் செய்தே காட்டுவேன். எதிரே இருப்பவர்கள் 18, 19 வயதுப் பிள்ளைகள். பத்து எண்களை ஒரே சீராக வாசித்துவிட்டு, "எழுதுங்கள்" என்பேன். முதல் இரண்டு மூன்றும் கடைசி எண்ணும் பெரும்பாலும் சரியாக இருக்கும். நடுவில் நான் சொன்ன 4, 7 பலருடைய தாளில் 7, 4 ஆகியிருக்கும். எண் தொலைவதில்லை, பக்கத்து எண்ணோடு இடம் மாறிக்கொள்கிறது.

அப்புறம் அடுத்த சுற்று. நான் வாசிக்க வாசிக்க எல்லோரும் "த, த, த" என்று மெல்லச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். வகுப்பே சிரிக்கும், தாளைப் பார்த்தால் முதல் சுற்றைவிட மோசம். கேட்ட எண்ணை மனசுக்குள் முணுமுணுத்துத்தான் பிடித்து வைக்கிறோம். அதில் சுமார் 2 நொடிப் பேச்சுதான் அடங்கும். வாய்க்கு வேறு வேலை கொடுத்தால் அதுவும் போச்சு.

1964-இல் கான்ராட் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் ஆங்கில எழுத்துகளைக் கண்ணுக்குக் காட்டித் திருப்பி எழுதச் சொன்னார். ஆட்கள் 'பி'க்குப் பதில் ஓசையில் அதை ஒத்த 'வி' என்று எழுதினார்கள். பார்த்த எழுத்துகூடக் காதால் கேட்டதுபோலத்தான் குழம்புகிறது!

ஆகவே மனசுக்குள் நடக்கும் முணுமுணுப்பைக் கெடுப்பது இன்னொரு பேச்சுதான். பக்கத்தில் மிக்ஸி ஓடினால்கூடப் பரவாயில்லை, மகன் சொல்வது காதில் விழுந்தால் போதும். டிவி சீரியல்தான் ஆகாது. நீங்கள் கவனிக்காவிட்டாலும் அந்தப் பேச்சு உள்ளே புகுந்து வரிசையைக் கலைத்துவிடும்.

மகனிடமும் ஒன்று சொல்லுங்கள். பத்தையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்காமல் மூன்று, மூன்று, நான்கு என்று இடைவெளி விடட்டும். மனசு ஒரே நேரத்தில் தாங்குவது 7 துண்டுகள், கூடக் குறைய 2 என்று அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதினார். பின்னால் வந்தவர்கள் அதையும் 4 என்று சுருக்கிவிட்டார்கள். முடித்த கையோடு "சரியாம்மா? வெச்சிடட்டுமா?" என்று அவன் கேட்பதும் வேண்டாம். அந்த ஒரு வாக்கியத்தில் கடைசி எண்ணுக்கும் ஆபத்து.

பழகிய தெருவில் வழி குழம்பினால், காலையில் பேசியதே மாலையில் நினைவில்லை என்று அடிக்கடி ஆனால், டாக்டரைப் பாருங்கள். 4-ம் 7-ம் இடம் மாறியதற்கு வேண்டாம்.