திரை மூலையில் ஒரு எண் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளுக்கு எடைபோட்டு லேபிள் அடிக்கும் மென்பொருள் செய்கிறோம். ஆறு பேர். நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்க இதுவரை எஸ்விஎன் (Subversion) தான். பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்த இரண்டு தம்பிகள் அதே வேலைக்கான கிட்டுக்கு (Git) மாறச் சொல்கிறார்கள். மூத்தவர் ஒருவர் முரண்டு பிடிக்கிறார்: ‘திரையில் வெர்ஷனாக, எஸ்விஎன் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தரும் ரிவிஷன் நம்பரைத்தானே காட்டுகிறோம், கிட்டில் அது கிடையாதே’ என்கிறார். மாறலாமா? மாறினால், நிரலை வைக்க கிட்ஹப் என்ற இணையச் சேவையா, சொந்த சர்வரா?

அன்புள்ள நண்பருக்கு,

மாறலாம். கிட்ஹப்பா சொந்த சர்வரா என்பதற்கு இப்போது மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், ரெப்போவை (நிரலும் அதன் ஹிஸ்டரியும் உள்ள கிடங்கை) பிறகு இடம் மாற்றுவது சுலபம்.

ஆனால் ‘முரண்டு’ என்று எழுதினீர்களே, அது தப்பு. உங்கள் கடிதத்தில் உருப்படியான ஒரே வரி அவர் சொன்னதுதான்.

எஸ்விஎன்னில் ஒரே சர்வர் வரிசையாக எண் கொடுக்கிறது. 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை லினக்ஸ் கெர்னலுக்காக எழுதினார். அங்கே அவரவர் கணினியில் கமிட் போடுவார்கள் (மாற்றத்தைப் பதிவார்கள்), நடுவில் எண் கொடுக்க ஆளில்லை. அதனால் ஒவ்வொரு கமிட்டுக்கும் வரிசை எண்ணுக்குப் பதில், இலக்கமும் ஆங்கில எழுத்தும் கலந்த 40 எழுத்து ஹேஷ். ஏழாகச் சுருக்கினாலும், பாய்லர் சத்தத்தில் ஆபரேட்டர் அதைத் திரையிலிருந்து போனில் படித்தால் பி, சி, டி, ஈ எல்லாம் ஒன்றுபோலத்தான் கேட்கும். ‘4812’ என்றால் ஒரே மூச்சில் முடிந்தது.

‘கமிட்டுகளை எண்ணிப் போட்டுவிடலாம்’ என்பார்கள் தம்பிகள். கிட்டின் ரெவ்-லிஸ்ட் கவுன்ட் கட்டளை எண்ணித் தரும்தான், ஆனால் அங்கேதான் இடறும். எஸ்விஎன் எண் ரெப்போ முழுவதற்கும் பொது. பிராஞ்ச் (கிளை), டேக் (பெயர்ச்சீட்டு) போட்டதும் அந்தக் கணக்கில் சேரும். ட்ரங்க்கை (முதன்மைக் கிளையை) மட்டும் எண்ணினால் 4812-க்குப் பிறகு 3900 வந்து நிற்கலாம். புது வெர்ஷனுக்குச் சின்ன எண்! எண்ணை ஒப்பிடும் இன்ஸ்டாலர் அப்டேட்டையே ஏற்காது. ஆகவே எண்ணிக்கையோடு 10000 கூட்டுங்கள். இரண்டு பிராஞ்சில் ஒரே எண்ணிக்கை வரலாம் என்பதால் ரிலீஸ் மெயின் என்ற முதன்மை பிராஞ்சிலிருந்து மட்டும், அதில் ஃபோர்ஸ் புஷ்ஷுக்கு (பழைய ஹிஸ்டரியை மாற்றி எழுதுவதற்கு) தடை. நிரலை ஓடும் மென்பொருளாக்கும் பில்ட் சர்வர், ஹிஸ்டரி முழுவதையும் இறக்க வேண்டும். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸின் செக்அவுட் (கிட்ஹப்பின் தானியங்கி பில்டில் நிரலை இறக்கும் படி), நாம் சொல்லாவிட்டால் கடைசி கமிட்டை மட்டுமே எடுக்கும், எண் 10001-லேயே நிற்கும்.

கிட்-எஸ்விஎன் என்ற கருவி கொண்டு மாற்றும்போது நோ-மெட்டாடேட்டா என்ற தெரிவைப் போடாதீர்கள். கமிட் செய்தி சுத்தமாக இருக்குமென்று இணையத்தில் போடச் சொல்வார்கள், கேட்காதீர்கள். போடாவிட்டால் ஒவ்வொரு செய்தியின் அடியிலும் பழைய ரிவிஷன் எண் ஒரு வரியாக நிற்கும். அடுத்த சீசனிலும் ஏதோ ஓர் ஆலையில் 4377 என்ற பழைய வெர்ஷன் ஓடிக்கொண்டிருக்கும். கமிட் பட்டியலான லாகில் அதைத் தேடிப் பிடிக்க அந்த வரிதான் கதி.

காலி ஃபோல்டர் கிட்டில் தங்காது, எக்ஸ்டர்னல்ஸ் (எஸ்விஎன் வேறு இடத்திலிருந்து இழுத்துவரும் ஃபோல்டர்கள்) தானாக வராது. அதெல்லாம் சில்லறை வேலை.

மாம்பழ சீசனில், மே முதல் ஜூலை வரை, கை வைக்காதீர்கள். ஆலைகள் ஓய்ந்த பிறகு எஸ்விஎன்னை ரீட்-ஒன்லி ஆக்கிவிட்டு மாற்றுங்கள். இல்லாவிட்டால் பழக்கதோஷத்தில் யாராவது அதிலேயே கமிட் போடுவார்கள். எண் போடும் ஸ்கிரிப்டை அந்த மூத்தவரையே எழுதச் சொல்லுங்கள். முதல் பில்ட் ஒரே ஓர் ஆலைக்கு மட்டும் போகட்டும்.