கதை விளையாட்டு செய்யக் கிளம்பிய திருகோணமலைக்காரருக்குச் சில பதில்கள்

ஓவியரும் எழுதுகிறவரும் புரோகிராமரும் சேர்ந்து கணினியில் கதை விளையாட்டு செய்வது பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன்.

உவர்மலையிலிருந்து: கதை எழுதி முடித்துவிட்டேன் அண்ணா. இனி கோட் எழுத ஒருவர் கிடைத்தால் போதும்தானே?

போதாது தங்கச்சி. முடிந்துபோன கதையில் விளையாடுகிறவருக்கு என்ன வேலை? நாங்களும் இப்படித்தான் தொடங்கினோம். தாய்க்குக் கிரியை செய்ய இராவணன் வாளால் குத்திய இடங்களில் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் பிறந்தன என்பார்களே, அந்தக் கதை. நண்பர் முப்பது பக்கம் அருமையாக எழுதித் தந்தார். நான் திரையில் ஏற்றினேன். ‘அடுத்து’ பொத்தானை அமத்திக்கொண்டே போவதைத் தவிர அதில் ஒன்றுமில்லை.

படம் வரைகிற அக்காதான் கேட்டார்: “ஏழு கிணற்றிலும் சூடு வேறு வேறு. எதில் முதலில் அள்ளுவது என்று விளையாடுகிறவரே முடிவு செய்தால் என்ன?” அன்றைக்குத்தான் அது விளையாட்டானது. ஒரு கிணற்றுக்கு ஒரு நினைவு. அள்ளுகிற வரிசையில் தாயின் கதை வரும். அக்காவை மூன்று மாதம் முந்தியே கூப்பிட்டிருக்க வேண்டும்.

மூதூரிலிருந்து: ஒவ்வொரு தெரிவுக்கும் கிளை எழுதப் போனால் தாங்குமா?

தாங்காது. பத்து இடத்தில் இரண்டு இரண்டாகப் பிரிந்தால் 1,024 முடிவுகள் எழுத வேண்டும். ஆனால் ஏழு கிணற்றையும் எந்த வரிசையிலும் அள்ளலாம் என்றால் 5,040 வழிகள் இருந்தும் எழுத வேண்டியது ஏழு துண்டுகள்தான். ஒவ்வொன்றும் தனியாக நின்று பொருள் தரவேண்டும், அதுதான் கஷ்டம். கிளை கட்டாயம் என்றால் கொஞ்சத் தூரத்தில் திரும்பச் சேர்த்துவிடுங்கள். முன்பு செய்ததை நிரல் ஞாபகம் வைத்து, பின்னால் ஒரு வசனத்தை மாற்றினாலே போதும். கூத்திலும் இப்படித்தான்: அதை நடத்துகிற அண்ணாவியார் சபையைப் பார்த்துப் பாட்டை நீட்டுவார், குறுக்குவார். விடியும்போது கூத்து முடியவேண்டிய இடத்தில்தான் முடியும்.

நிலாவெளியிலிருந்து: ‘கெ’ என்று எழுதினால் கொம்பு பின்னால் போய் நிற்கிறது. ஃபொண்ட் பிழையா?

பெரும்பாலும் ஃபொண்ட் பிழை அல்ல. யூனிகோடில் முதலில் ‘க’, பிறகு கொம்பு என்றுதான் சேமிப்பு. திரையில் கொம்பை முன்னுக்குக் கொண்டுவருவது ஷேப்பிங் என்ற வேலை; விளையாட்டு செய்ய உதவும் மென்பொருள்களான எஞ்சின்கள் சிலவற்றில் அது இல்லை. நாங்கள் இதில் மாட்டியபோது அக்கா எல்லா வசனத்தையும் கையால் எழுதிப் படமாக்கினார். அழகாகத்தான் இருந்தது. ஒரு சொல்லைத் திருத்த வேண்டி வந்ததும் எல்லாருக்கும் அழுகை வந்தது. 2023இல் வந்த கோடோ 4 என்ற எஞ்சின் இதைச் சரியாகச் செய்கிறது. எதை எடுத்தாலும் முதல் நாளே ‘கொக்கு’ என்று எழுதிப் பாருங்கள்.

கிண்ணியாவிலிருந்து: கோடிங் தெரியாது, லப்டொப்பும் பழசு.

கோடிங் இல்லாமலே கதை விளையாட்டு செய்யும் ட்வைன் என்ற கருவி இலவசம், பிரௌசரிலேயே ஓடும். அதற்கும் முதல் கடதாசித் துண்டுகளில் கதையை எழுதி, வீட்டில் ஒருவரை விளையாட வையுங்கள்.

பெரியவர்கள் சொன்ன கதையை எடுத்தால் பிரச்சினை வருமா?

கடைசியில் கொண்டுபோய்க் காட்டினால் வரும். 2014இல் வந்த ‘நெவர் அலோன்’ என்ற விளையாட்டு அலாஸ்காவின் இனுபியாட் மக்களின் கதை. அவர்களுடைய மூத்தவர்களும் கதைசொல்லிகளும் விளையாட்டு செய்பவர்களோடு சேர்ந்தே அதை உருவாக்கினார்கள். கதை சொல்லும் குரலும் அவர்கள் மொழியில்தான்.

காசு?

முதல் விளையாட்டில் எதிர்பார்க்காதீர்கள். யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை மட்டும் தொடங்கும்போதே எழுதிவையுங்கள். ஓவியரிடம் “பிறகு பார்ப்போம்” என்று சொல்லாதீர்கள்.

திருகோணமலைக் கோட்டைக்குள் திரியும் மான்களை விளையாட்டில் போடலாமா?

தாராளமாக. ஆனால் ஆளைக் கண்டதும் ஓடுவதாக வரைந்தால் இந்த ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள்.