ஸ்கேனில் ஒன்றுமில்லை, ஆனால் பிள்ளைக்கு வயிறு வலிக்கிறது

கேள்வி: என் மகள் உயர்தரப் பரீட்சையைப் பயோ பிரிவில் இரண்டாவது முறை எழுதப் போகிறாள். மூன்று மாதமாகக் காலையில் வயிற்றுவலி. மொடல் பேப்பர் நாட்களில் சத்தி எடுக்கிறாள். நெஞ்சு படபடக்கிறது, கை விறைக்கிறது, படித்ததெல்லாம் மறக்கிறது என்கிறாள். ஸ்கேன், எண்டோஸ்கோப்பி எல்லாம் செய்தோம், ஒன்றுமில்லை என்றார்கள். விடுமுறை நாட்களில் வலி வருவதில்லை. நடிக்கிறாளா? இன்னொரு டொக்டரைத் தனியாரில் காசு கட்டிச் சனல் பண்ணிப் பார்க்கவா?
– ஒரு தாய், சுன்னாகம்

பதில்:

நடிப்பில்லை அம்மா. வலி உண்மையானது. நீங்கள் காரணத்தைத் தேடிய இடம்தான் பிழை.

ஒழுங்கையில் நாய் துரத்தினால் உடம்பு என்ன செய்யும்? அட்ரினலின் சுரக்கும், நெஞ்சு வேகமாக அடிக்கும், வயிற்றுக்குப் போகிற இரத்தம் கால்களுக்குத் திரும்பும். ஓடுகிறவருக்குச் சமிபாடு முக்கியமில்லை என்று வயிறு வேலையை நிறுத்திவிடும். அதுதான் குமட்டல், பிரட்டல், சத்தி. நாய் போனதும் எல்லாம் அடங்கும். பரீட்சை என்கிற நாய் வருடக்கணக்கில் படலைக்கு வெளியே நிற்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். பயத்தில் மூச்சை வேகவேகமாக விடும்போது இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைகிறது, அதனால் கைவிரல் விறைக்கிறது, தலை சுற்றுகிறது. மறதியும் நோயல்ல. கேள்வியை வைத்து யோசிக்க வேண்டிய இடத்தை "இந்த முறையும் விட்டால் என்ன செய்வேன்" என்ற யோசனை பிடித்துக்கொள்கிறது. இதைத்தான் நாங்கள் பதகளிப்பு என்கிறோம். விடுமுறையில் வலி வராதது எங்களுக்குக் கிடைத்த நல்ல தடயம். தயவுசெய்து அதைச் சொல்லிப் பிள்ளையைக் குத்திக்காட்டாதீர்கள்.

சரி, இன்னொரு டொக்டரைச் சனல் பண்ணவா என்றால், வேண்டாம். அவர் இன்னொரு பரிசோதனைக்கு எழுதுவார். ஒவ்வொரு பரிசோதனையும் "உனக்குள் ஏதோ இருக்கிறது, இன்னும் பிடிபடவில்லை" என்றுதான் பிள்ளைக்குச் சொல்லும். ஐந்து நிமிடச் சனலிங்கில் வீட்டுக் கதையைக் கேட்க யாருக்கும் நேரமில்லை, காஸ்ரிக் குளிசை எழுத மட்டும் நேரமிருக்கிறது.

ஒரே ஒரு விலக்கு. கழுத்தில் உள்ள தைரொயிட் சுரப்பி கூடுதலாக வேலை செய்தாலும் இதே படபடப்பு, கைநடுக்கம், நித்திரையின்மை எல்லாம் வரும். இரண்டையும் பிரிக்க வீட்டிலேயே ஒரு வழி உண்டு. மகள் நன்றாக நித்திரையாகி ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, எழுப்பாமல், மணிக்கட்டு நாடியை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். காய்ச்சல் இல்லாத இரவாக இருக்க வேண்டும். மூன்று இரவு எண்ணி எழுதி வையுங்கள். பயத்தால் வருகிற படபடப்பு நித்திரையில் அடங்கிவிடும், நாடி 60, 70 என்று இறங்கும். தைரொயிட் என்றால் பெரும்பாலும் நித்திரையிலும் அப்படி இறங்காது, 90ஐக்கூடத் தாண்டி நிற்கலாம். நன்றாகச் சாப்பிட்டும் மெலிகிறாளா, மற்றவர்களுக்குக் குளிரும்போது இவளுக்கு மட்டும் வியர்க்கிறதா என்றும் பாருங்கள். அப்படியிருந்தால் டீ.எஸ்.எச். என்ற இரத்தப் பரிசோதனை ஒன்று போதும். ஏற்கெனவே எடுத்த ரிப்போட்டுகளில் அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எத்தனையோ பேர் எண்டோஸ்கோப்பி வரை போயிருப்பார்கள், இதை எடுத்திருக்க மாட்டார்கள்.

அடுத்தது குளிசை. எனக்குக் கோபம் வருகிற இடம் இது. "சோதனைப் பயத்துக்கு" என்று ரியூசன் வாசலில் கைமாறுகிற புரொப்ரனலோல் நெஞ்சு அடிப்பதைக் குறைக்கும், உண்மைதான். ஆனால் ஆஸ்துமா இழுப்பு உள்ள பிள்ளை அதைப் போட்டால் மூச்சுக்குழாய் இறுகி உயிருக்கே ஆபத்தாகலாம். நித்திரைக் குளிசையை டொக்டரின் துண்டு இல்லாமல் விற்கிற பாமசிக்காரரை விடவும் அதை வாங்கிக் கொடுக்கிற சித்தப்பாமாரில்தான் எனக்குக் கோபம். டயசிபாம் போன்றவை படித்ததை மூளையில் பதியவிடாது, பழக்கமாகியும் விடும். ஞாபகசக்தி டொனிக்குக்குச் செலவழிக்கிற காசில் பிள்ளைக்கு மீன் வாங்கிக் கொடுக்கலாம். இன்னொரு கூட்டமும் இருக்கிறது. சில வாரப் பயிற்சியோடு பெயர்ப்பலகை மாட்டி, "பத்து அமர்வு, முற்பணம்" என்று கேட்பவர்கள். எங்கே படித்தார்கள், யாரின் கீழ் பயிற்சி எடுத்தார்கள் என்று கேளுங்கள். மருத்துவர் என்றால் இலங்கை மருத்துவ சபைப் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். கேட்டால் கோபிப்பவரிடம் போகாதீர்கள்.

பாடசாலையில் உளவளத்துணைக்கு ஓர் ஆசிரியர் இருப்பார், பாவம், பல இடங்களில் லீவு போட்டவர்களின் பாடவேளையை நிரப்புவதே அவர் வேலை. பரீட்சை முறையும் இரக்கம் பார்ப்பதில்லை. எழுத மூன்று முறைதான் அனுமதி. பல்கலைக்கழக இடங்களில் 55 வீதம் மாவட்ட அடிப்படையில் போவதால், பக்கத்து வாங்கில் இருக்கும் சிநேகிதியே போட்டியாளர். 2022ஆம் ஆண்டுப் பரீட்சை 2023 ஜனவரியில் தொடங்கியது, 2024ஆம் ஆண்டுப் பரீட்சை மழை வெள்ளத்தால் இடையில் நின்றது. திகதியே தெரியாமல் ஓடச் சொன்னால் யாருக்குத்தான் வயிறு வலிக்காது?

இப்போது செய்ய வேண்டியது. விடியப்புறம் இரண்டு மணிக்குத் தேத்தண்ணி கொடுத்து எழுப்புவதை நிறுத்துங்கள். படித்தது நித்திரையில்தான் மூளையில் உறைக்கும், ஏழு மணி நேரமாவது படுக்கட்டும். வலி வந்தால் வீட்டில் நிறுத்திவிடாதீர்கள். அன்றைக்கு நிம்மதியாக இருக்கும், அந்த நிம்மதியே அடுத்த நாள் பயத்தைக் கூட்டும். முழு வகுப்பு முடியாவிட்டால் அரை வகுப்பு, ஆனால் போக வேண்டும். படபடப்பு வரும்போது நாலு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடச் சொல்லுங்கள். சுகமாக இருக்கும் நாட்களிலேயே பழக வேண்டும், பரீட்சை மண்டபத்தில் புதிதாகப் பழக முடியாது.

"இருந்து என்ன பயன்", "செத்தால் நல்லது" என்று ஒரு சொல் வந்தாலும் மேலே சொன்னது எதையும் செய்துகொண்டிருக்க வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், தனியே விடாதீர்கள். இரவு என்றாலும் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம்.

மற்றபடி உங்களுக்குக் கிட்ட இருப்பது தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை. அங்கே உளநலப் பிரிவு இருக்கிறது, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் இருக்கிறது. காசு இல்லை, காத்திருப்புத்தான். "விசர் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்" என்று அயலில் ஒருவர் சொல்லத்தான் செய்வார், சொல்லிவிட்டுப் போகட்டும். பயத்தோடு எப்படிப் பழகுவது என்று பேசியே சொல்லிக் கொடுக்கிற சிகிச்சைதான் முதலில். மருந்து தேவைப்பட்டால் அது வேலை செய்யச் சில வாரங்கள் எடுக்கும், மூன்றாம் நாளே நிறுத்திவிடாதீர்கள். போகும்போது பழைய ரிப்போட்டுகளையும் நாடி எண்ணிய கடதாசியையும் கொண்டு போங்கள். மேலே சொன்ன டீ.எஸ்.எச். தவிரப் புதிதாக ஒன்றும் எடுக்க வேண்டாம்.