பள்ளிக்கூடச் சாவி யார் கையில்? கேள்வி பதில்

அரசுப் பள்ளியில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன் நான். கல்வி மத்திய அரசுக்கா மாநில அரசுக்கா என்று வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணாச்சி, கல்வி மாநிலத்துக்குன்னுதானே படிச்சோம்? எப்போ மாறுச்சு? (அம்பாசமுத்திரம்)

1976-ல், நெருக்கடிநிலை நேரத்தில். அரசியலமைப்பின் 42-வது திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து எடுத்துப் பொதுப்பட்டியலில் வைத்தது. இப்போது இரண்டு பேரும் சட்டம் போடலாம். மோதல் வந்தால் 254-வது பிரிவுப்படி மத்தியச் சட்டம்தான் செல்லும். குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தால் மட்டும் மாநிலச் சட்டம் அந்த மாநிலத்துக்குள் செல்லும். 1978-ல் 44-வது திருத்தம் நெருக்கடிநிலைக் கால மாற்றங்கள் பலவற்றைத் திருப்பியது. ஆனால் கல்வி திரும்பி வரவில்லை. அது பெரிய தவறு என்றே இன்றும் நினைக்கிறேன்.

சார், என் மக பிளஸ் டூ. சட்டசபையில தீர்மானம் போட்டும் நீட் ஏன் போகல? (நாங்குநேரி)

அந்த ஒப்புதல்தான் காரணம் அம்மா. 2017-லும் 2021-லும் சட்டசபை மசோதா நிறைவேற்றியது. இரண்டுக்கும் ஒப்புதல் கிடைக்கவில்லை. ஆனால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020 முதல் நடப்பில் இருக்கிறது. மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்றால் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள்.

பணத்தை நிறுத்தி வச்சிட்டாங்கன்னு சொல்றாங்களே, என்ன பணம்? (வள்ளியூர்)

சமக்ர சிக்‌ஷா. பள்ளிக்கல்விக்கு இரண்டு அரசும் சேர்ந்து பணம் போடும் திட்டம். மத்திய அரசு 60 சதவீதம், மாநிலம் 40 சதவீதம் என்று பங்கு. மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை. போட்டால் 2020 தேசியக் கல்விக் கொள்கையை முழுசாக ஏற்க வேண்டும், மும்மொழி உட்பட. அதனால் 2024-25-க்கான 2,152 கோடி ரூபாய் வரவில்லை என்று மாநிலம் சொன்னது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. கொள்கையில் சண்டை இருக்கட்டும், அதற்காகப் பிள்ளைகளின் பணத்தை நிறுத்துவது அநியாயம். இந்த மாதிரித் திட்டப் பணம் தாமதமான ஒரு வருஷம், எங்கள் பள்ளி ஓவிய ஆசிரியர் தினமும் காலையில் வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, உள்ளே வருமுன் என் முகத்தைத்தான் பார்ப்பார். சம்பளம் வந்ததா என்று வாய்விட்டுக் கேட்கமாட்டார்.

நாடு முழுக்க ஒரே மாதிரி இருந்தா ஏழை மாநிலத்துப் பிள்ளைக்கு நல்லதுதானே? (பாளையங்கோட்டை)

நியாயமான கேள்வி தம்பி. 2009 கல்வி உரிமைச் சட்டம் மத்தியச் சட்டம்தான், நான் அதை மனசார வரவேற்றவன். குறைந்தபட்சத்தை டெல்லி உறுதி செய்யட்டும். ஆனால் புதுசு எங்கே பிறக்கிறது என்று பாருங்கள். 1956-ல் எட்டயபுரத்தில் காமராஜர் மதிய உணவைத் தொடங்கிவைத்தார். அன்றைக்கு அது நம்ம திருநெல்வேலி ஜில்லா, தூத்துக்குடி பிரிந்தது 1986-ல்தான். பசியோடு வரும் பிள்ளை தலையில் பாடம் ஏறாது என்று இங்கே கண்ணால் பார்த்தவர்கள் யாரிடமும் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. கல்வி அப்போது மாநிலப் பட்டியலில் இருந்தது. ஊர்க்காரர்கள் அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். மத்திய அரசு இதை நாடு முழுக்கத் திட்டமாக்கியது 1995-ல், முப்பத்தொன்பது வருஷம் கழித்து. டெல்லி சொல்லட்டும் என்று உட்கார்ந்திருந்தால் நம்ம கரிசல்காட்டுப் பிள்ளைகள் இரண்டு தலைமுறை பட்டினியாகவே பாடம் கேட்டிருக்கும்.

நவோதயா பள்ளி நம்ம மாவட்டத்துல ஏன் இல்ல? (களக்காடு)

நவோதயா மத்திய அரசின் உறைவிடப் பள்ளி. அங்கே மும்மொழி, இங்கே 1968 முதல் இருமொழி. அதனால் தமிழ்நாடு ஏற்கவில்லை.

அப்போ எல்லாம் சென்னை கைக்கு வந்துட்டா சரியாயிடுமா அண்ணாச்சி? (சேரன்மகாதேவி)

ஆகாது. ஒரு ஐப்பசி மழையில் எங்கள் சத்துணவுக் கூடத்து ஓடு சரிந்தது. மாற்ற அனுமதி வர ஏழு மாசம். அதுவரை புளியமரத்தடியில் தார்ப்பாய் கட்டிச் சமைத்தோம். அதிகாரம் சென்னைக்கு வந்தால் போதாது, பள்ளிவரை இறங்கி வரவேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. கடைசியில் அந்தக் கூரைக்காகக் கலெக்டர் ஆபீஸ் போய் மனுக் கொடுத்தது அந்தக் குழுவில் இருந்த பீடி சுற்றும் அம்மாக்கள் நாலு பேர். அடுத்த வாரமே ஆள் வந்து பார்த்தார்கள்.