மௌன அஞ்சலியில் வந்த சிரிப்பு

அன்புள்ள சார்,

போன மாதம் அலுவலகத்தில் இரங்கல் கூட்டம். இறந்தவர் நான் மிகவும் மதித்த மேலதிகாரி. ஒரு நிமிட மௌனத்தின் நடுவே மைக் ‘கீ…’ என்று இழுத்தது. பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டேன். ஆனால் பக்கத்தில் நின்ற நண்பரின் தோள் குலுங்குவதைப் பார்த்ததும் முடியவில்லை, சத்தமாகவே சிரித்துவிட்டேன். எனக்கு மனதில் ஈரமே இல்லையா? வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும் என்கிறார்களே, அதுவாவது உண்மையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஈரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மைக்கைச் சமாளித்துவிட்டீர்கள், நண்பரின் தோளைத்தான் சமாளிக்க முடியவில்லை. விஷயமே அங்குதான் இருக்கிறது.

ராபர்ட் ப்ரொவைன் என்ற அமெரிக்க உளவியலாளர் கடைவளாகங்களிலும் கல்லூரி நடைபாதைகளிலும் ஆட்கள் பேசிச் சிரிப்பதை ஒட்டுக்கேட்டு ஆராய்ந்தவர். அவர் குழு குறித்துவைத்த 1200 சிரிப்புகளில், நகைச்சுவை என்று சொல்லத்தக்க பேச்சுக்கு வந்தவை ஐந்தில் ஒன்றுக்கு மேல் தேறவில்லை. மற்றதெல்லாம் ‘சரி, அப்புறம் பார்க்கலாம்’ ரகப் பேச்சுக்கு வந்த சிரிப்பு. கேட்டவரைவிடப் பேசியவரே அதிகம் சிரித்திருக்கிறார். டிவி, புத்தகம் எதுவுமில்லாமல் தனியே இருக்கும்போது சிரிப்பதைவிட, ஆட்களோடு இருக்கையில் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறோம் என்பதும் அவர் கணக்கு. தொல்காப்பியர் நகை பிறக்கச் சொல்லும் காரணங்களும் எள்ளல், இளமை, பேதைமை (அறியாமை), மடன் (சொன்னதை அப்படியே நம்பும் வெகுளித்தனம்) ஆகிய நான்குதான். நான்குமே மனிதரை முன்னிட்டவை. துணுக்குக்கு அங்கே இடமில்லை!

அடக்க முடியாததற்கும் காரணம் உண்டு. நாமாகச் சிரிக்கும் சிரிப்பும் தானாகப் பொங்கும் சிரிப்பும் மூளையிலிருந்து வேறு வேறு பாதையில் வருகின்றன. பக்கவாதம் வந்த சிலரை ‘சிரிங்க’ என்றால் வாயின் ஒரு பக்கம் அசையாது. அவர்களுக்கே நிஜமாகச் சிரிப்பு வந்தால் இரண்டு பக்கமும் விரியும். அலுவலக மரியாதையெல்லாம் முதல் பாதைக்குத்தான் எட்டும்.

உடம்பில் நடப்பது கொஞ்சம் முரட்டு வேலை. விலாத் தசைகளும் வயிற்றுத் தசைகளும் மூச்சை வெட்டி வெட்டி வெளியே தள்ளுகின்றன, ஒவ்வொரு ‘ஹ’வும் ஒரு தள்ளு. உள்ளே இழுக்க நேரம் கிடைப்பதில்லை. அதனால்தான் பேச்சு வராமல் கையை மட்டும் ஆட்டுகிறோம், கண்ணில் நீர் முட்டுகிறது, வயிறு பிடித்துக்கொள்கிறது.

இந்த உழைப்புக்குக் கூலி உண்டு. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் ராபின் டன்பாரின் குழு 2011இல், நகைச்சுவை வீடியோ பார்த்துச் சிரித்தவர்களின் கையில் ரத்த அழுத்தப் பட்டையை இறுக்கியும், ஃப்ரீசரில் குளிரவைத்த உறையை மாட்டியும் வலி தாங்குவதைச் சோதித்தது. சிரித்தபின் கூடுதலாகத் தாங்கினார்கள். உடம்பே தயாரிக்கும் வலிநிவாரணியான எண்டார்ஃபின் சுரப்பதே காரணம் என்று ஊகித்தார்கள். 2017இல் வெளியான பின்லாந்து ஆய்வு ஒன்று, நண்பர்களோடு சேர்ந்து சிரித்தவர்களின் மூளையை ஸ்கேன் செய்து அதற்கு ஆதாரம் காட்டியது.

நோய் விட்டுப்போகுமா என்றால், அங்கே நான் தயங்குவேன். கடும் வலி தரும் நோயில் படுத்த நார்மன் கசின்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையாசிரியர், 10 நிமிடம் வயிறு குலுங்கச் சிரித்தால் 2 மணி நேரம் வலியில்லாமல் தூங்க முடிந்தது என்று எழுதினார். அவர் தேறியதும் உண்மை. ஆனால் கூடவே வைட்டமின் சி-யையும் ஏராளமாக ஏற்றிக்கொண்டார், நல்ல மருத்துவரும் பக்கத்தில் இருந்தார். எது குணமாக்கியது என்று ஒரே ஆளை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. அந்த 2 மணி நேரத் தூக்கத்தை மட்டும் நான் நம்புகிறேன்.