உருளைக்கிழங்குப் பணத்தில் வளர்ந்த மைக்ரான்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, கணினி நினைவகச் சிப் தயாரிக்கும் மைக்ரான் நிறுவனம் ஒரு பல் மருத்துவமனையில் தொடங்கியது என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். 1978 அக்டோபரில், அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் உள்ள போய்ஸி நகரில், ஒரு பல் மருத்துவமனையின் நிலவறையில் தொடங்கினார்கள். வார்டு பார்க்கின்சன், அவருடைய இரட்டைச் சகோதரர் ஜோ பார்க்கின்சன், டென்னிஸ் வில்சன், டக் பிட்மன் என்று நான்கு பேர். சொந்த ஆலை கிடையாது. மாஸ்டெக் என்ற நிறுவனத்துக்கு 64 கிலோபிட் நினைவகச் சிப் ஒன்றை வடிவமைத்துத் தருவதுதான் முதல் வேலை. பிறகு, அடுத்தவருக்கு வரைந்து கொடுப்பதைவிட நாமே தயாரிக்கலாம் என்று துணிந்தார்கள். 1981இல் அவர்களுடைய சொந்த ஆலையில் உற்பத்தி தொடங்கிவிட்டது.

கேள்வி: சிப் ஆலைக்கு உருளைக்கிழங்கு வியாபாரி எதற்காகப் பணம் போட்டார்?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ஜே. ஆர். சிம்ப்ளாட், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். மெக்டொனால்ட்ஸ் கடைகளுக்கு உறைய வைத்த உருளைக்கிழங்கு வறுவல் அனுப்பிப் பெரும் செல்வந்தர் ஆனவர். 1980இல் மைக்ரானில் முதலீடு செய்தபோது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. சிப்புக்குள் இருக்கும் நுண் சுவிட்சான டிரான்சிஸ்டர் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று கேட்கலாம். ஆனால் விலை சரிவது பற்றி அவருக்கு நன்றாகவே தெரியும்.

டிரேம் என்பது கணினி வேலை செய்யும்போது தரவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம், மைக்ரான் செய்வதும் அதுதான். டிரேம் சிப் எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் தரக்குறியீடு ஒன்றாக இருந்தால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் பொருத்தலாம். வாங்குபவர் விலையைத்தான் பார்ப்பார். தட்டுப்பாடு வந்தால் எல்லோரும் ஆலை கட்டுகிறார்கள். கட்டி முடிக்க ஓரிரு ஆண்டுகள் ஆகும். எல்லா ஆலைகளும் ஒரே சமயத்தில் உற்பத்திக்கு வரும்போது சரக்கு குவிந்து விலை விழுகிறது. விழுந்தாலும் ஆலையை நிறுத்த முடியாது, போட்ட முதல் முழுவதும் இயந்திரங்களில் முடங்கிக் கிடக்கிறதே! அமோக விளைச்சலில் கிழங்கு விலை படுத்துவிடுவதைப் பார்த்துப் பழகியவர் இதில் மிரளவில்லை. விலை படுத்திருக்கும் காலத்தில் தாக்குப்பிடிப்பவனுக்குத்தான் அடுத்த ஏற்றம் என்ற கணக்கு அவருடையது. மைக்ரானின் வரலாறு முழுவதும் இந்தக் கணக்குத்தான் ஓடுகிறது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: அண்ணா, நான் மின்னணுவியல் மாணவன். இவ்வளவு சிறிய நிறுவனம் பெரியவர்களோடு எப்படிப் போட்டி போட்டது?

பதில்: சிப்பின் அளவைக் குறைத்து, தம்பி. ஒரு சிலிக்கான் வட்டை ஆலைக்குள் அனுப்பி எடுக்க ஆகும் செலவு ஏறத்தாழ ஒன்றுதான். அதிலிருந்து நூறு சிப் கிடைத்தாலும் இருநூறு கிடைத்தாலும் அதே செலவு. மைக்ரானின் 64 கிலோபிட் சிப் போட்டியாளர்களுடையதைவிடச் சிறியது. அதனால் ஒரு வட்டிலிருந்து அதிகச் சிப் கிடைத்தது, ஒவ்வொன்றின் அடக்கமும் குறைந்தது.

சொல்வது எளிது. டிரேமில் ஒரு பிட், அதாவது ஒரு 0 அல்லது 1, என்பது ஒரு டிரான்சிஸ்டரும் மின்னூட்டத்தைச் சேமிக்கும் ஒரு மின்தேக்கியும். ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டு 1966இல் கண்ட வழி அது. தேக்கியில் இருக்கும் மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் இன்றைய சிப்களில் பொதுவாக 32 அல்லது 64 மில்லி விநாடிக்குள் ஒவ்வொரு வரிசையையும் படித்துத் திரும்ப எழுத வேண்டும். தேக்கியைச் சுருக்கினால் அதில் நிற்கும் மின்னூட்டமும் குறையும், படிக்கும்போது பிழை வரும். பிழை வராமல் சுருக்குவதில்தான் வடிவமைப்பாளரின் திறமை இருக்கிறது.

கேள்வி: ஜப்பானோடு என்ன வழக்கு?

பதில்: 1985இல் விலை தரைமட்டமானது. இன்டெல் டிரேம் தொழிலையே விட்டு வெளியேறியது. மைக்ரான் கிட்டத்தட்டப் பாதி ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. ஜப்பானிய நிறுவனங்கள் அடக்க விலைக்கும் கீழே விற்கின்றன என்று அரசிடம் முறையிட்டது. அப்படி விற்பதைத் தடுக்க 1986இல் அமெரிக்காவும் ஜப்பானும் குறைக்கடத்தி (சிப்) ஒப்பந்தம் செய்துகொண்டன. மைக்ரான் பிழைத்ததில் அரசியலுக்கும் பங்கு உண்டு, அதை மறைக்கக் கூடாது.

கேள்வி: விலைக் கூட்டுச்சதியில் மைக்ரானுக்கும் பங்கு உண்டா?

பதில்: உண்டு. டிரேம் நிறுவனங்கள் தங்களுக்குள் பேசி விலையை நிர்ணயித்தது 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடந்தது. சாம்சங்குக்கு 30 கோடி டாலர் அபராதம். ஹைனிக்ஸ், இன்பினியான், எல்பிடா ஆகியவையும் கட்டின. மைக்ரான் முதலில் போய் விசாரணைக்கு ஒத்துழைத்ததால் அமெரிக்க அரசின் குற்ற அபராதத்திலிருந்து தப்பியது. எனக்கு மிகவும் பிடித்த நிறுவனம்தான். ஆனாலும் கணினி வாங்கியவர்கள் அனைவரிடமிருந்தும் பறித்த பணம் அது.

கேள்வி: எல்பிடா என்ன ஆனது?

பதில்: ஜப்பானின் என்இசி, ஹிட்டாச்சி ஆகியவற்றின் டிரேம் பிரிவுகள் 1999இல் இணைந்து பிறந்தது அது. 2012 பிப்ரவரியில் திவாலானது. அதே மாதம் 3ஆம் தேதி, மைக்ரானின் தலைவர் ஸ்டீவ் ஆப்பிள்டன் தானே ஓட்டிய சிறு விமானம் போய்ஸி விமான நிலையத்தில் விழுந்து இறந்தார். இரவு நேரத் தொழிலாளியாக ஆலையில் சேர்ந்து தலைமைக்கு உயர்ந்தவர். தலைவரை இழந்த அந்த நிலையிலும் நிறுவனம் பின்வாங்கவில்லை. 2013 ஜூலையில் எல்பிடாவை வாங்கி முடித்தது. 1985இல் எந்த ஜப்பானியத் தொழிலைக் கண்டு அஞ்சியதோ, அதன் கடைசிப் பெரிய டிரேம் நிறுவனம் மைக்ரானின் கைக்கு வந்தது. 1998இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் நினைவகப் பிரிவை வாங்கியதும் இதே வழியில்தான். சந்தை சோர்ந்திருக்கும்போது வாங்குவது.

கேள்வி: இந்தியாவோடு தொடர்பு?

பதில்: 2017 முதல் தலைமை அதிகாரியாக இருக்கும் சஞ்சய் மெஹ்ரோத்ரா கான்பூரில் பிறந்தவர், நினைவக அட்டைகள் தயாரிக்கும் சான்டிஸ்க் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். குஜராத்தின் சானந்தில் ஆலை அமைப்பதாக 2023இல் அறிவித்தார்கள். அது சிப்களைப் பொதிந்து சோதிக்கும் ஆலை. சிலிக்கான் வட்டிலேயே சிப் உருவாக்கும் ஆலை அல்ல. செய்திகளில் இந்த இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள்.

கேள்வி: சார், என் கணினியில் மைக்ரானின் குரூஷியல் பிராண்டு ரேம் (நினைவகம்) இருக்கிறது. அதை நிறுத்திவிட்டார்களாமே, உத்தரவாதம் போய்விடுமா?

பதில்: போகாது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவைக்காக, நுகர்வோருக்கான குரூஷியல் விற்பனையிலிருந்து விலகுவதாக 2025 டிசம்பரில் மைக்ரான் அறிவித்தது. ஏற்கெனவே வாங்கிய பொருள்களுக்கு உத்தரவாதமும் உதவியும் தொடரும் என்றும் அப்போதே சொல்லியிருக்கிறது. ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.